முன்யா: இலையும் எண்ணெயும்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் வாழும் கெச்சுவா மக்கள் ‘முன்யா’ என்ற செடியைப் பெரிதும் போற்றுகிறார்கள். லேமியேசி குடும்பத்தைச் சேர்ந்த மலைப் புதினா அது. வயிறு உப்பினால் இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பார்கள். சேமித்த உருளைக்கிழங்கில் பூச்சி விழாமலிருக்க இடையிடையே அதன் தழையைப் பரப்புவார்கள். நம் ஊரில் தானியத்தோடு வேப்பிலையும் நொச்சியும் போடுவதைச் சொன்னதும் என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது.

பெருவுக்குப் போக முடியாது. கடையில் புதினாக் கட்டு கிடைக்கும். தண்டை இரு விரலுக்கிடையே உருட்டச் சொன்னேன். உருளவில்லை, நான்கு பட்டை. இலைகள் எதிரெதிராக இருந்தன, கசக்கினால் மணம் வந்தது. துளசி, தும்பை, கற்பூரவல்லி எல்லாவற்றிலும் இதைச் சோதித்தோம். அப்போதே உன்னிச்செடியையும் காட்டிவிடுவது அவசியம். அதற்கும் தண்டு நாற்பட்டை, எதிரிலை, மணம். ஆனால் அது வேறு குடும்பம், மாடு தின்றாலே கல்லீரல் கெடும். அடையாளம் ஒத்துப்போவதால் மட்டும் எந்தச் செடியையும் வாயில் வைக்கக் கூடாது.

முன்யாவின் எண்ணெயில் புலிகோன் என்ற வேதிப்பொருள் உண்டு. பென்னிராயல் என்னும் மற்றொரு புதினா இனத்தின் எண்ணெயில் இது மிக அதிகம். அமெரிக்காவின் கொலராடோவில் 1978இல் இளம்பெண் ஒருவர் அந்த எண்ணெயைச் சுமார் 30 மி.லி. குடித்து, கல்லீரல் பாதிக்கப்பட்டு இறந்தார். இரண்டு மேசைக்கரண்டி அளவுதான்.

இலைக் கஷாயம் குடிப்பவர்களுக்கு ஏன் அப்படி ஆவதில்லை? இதைக் கணக்காகவே கொடுத்தேன். உலர்ந்த இலையில் 2 சதவீதம் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். 30 கிராம் எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோ இலை வேண்டும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் இலை என்றால் 750 கோப்பை! விடை வந்ததும் வகுப்பில் சிரிப்பு, பிறகு அமைதி. ஆனாலும் கர்ப்பிணிகள் இவ்வகைக் கஷாயத்தைத் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. இதைக் கரும்பலகையிலேயே எழுதினேன்.

வீட்டுப்பாடம், கற்பூரவல்லி பற்றிப் பாட்டியிடம் கேட்டு வருவது. எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள் என நான்கு கட்டங்கள். “எவ்வளவு” கட்டத்தில் பலர் ‘ஒரு கை’ என்று எழுதி வந்தார்கள். யாருடைய கை என்று மறுநாள் தராசு வைத்து நிறுத்துப் பார்த்தோம்.