பூட்டை ஏபிஐ-யில் போடுங்கள்

மாடித்தோட்டக்காரர்களுக்கான சந்தா சமூகம் ஒன்றின் தொழில்நுட்ப வேலையைப் பார்க்கிறேன். தொடக்கத்தில் எல்லாமே வேர்ட்பிரஸில்தான் இருந்தது. மொபைல் ஆப் வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்கத் தொடங்கியதும் ஹெட்லெஸ்ஸுக்கு மாறினோம். எழுதுவதும் திருத்துவதும் பழையபடி வேர்ட்பிரஸில். உறுப்பினர் பார்க்கும் பக்கம் நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில். நடுவில் ஏபிஐ. ஆப் எண்ணமே இல்லை, டெவலப்பரும் ஒருவர்தான் என்றால் இந்த வழிக்கு வராதீர்கள். தீமும் ப்ளகினும் சும்மா கொடுத்துவந்த பிரிவ்யூ, படிவம் போன்றவற்றை நீங்களே திரும்பக் கட்ட வேண்டியிருக்கும்.

மாறுவதென்று முடிவெடுத்தால் முதலில் கட்டணக் கட்டுரைகளின் பூட்டைக் கவனியுங்கள். 2016 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 4.7 முதல், வெளியிட்ட பதிவுகளை லாகின் இல்லாமலே ரெஸ்ட் ஏபிஐ-யில் படிக்கலாம். கட்டுரையைத் தீமில் மட்டும் மறைத்திருந்தால் அந்த மறைப்பு இங்கே செல்லாது. திரையில் ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று இருக்கும். பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்தால் முழுக் கட்டுரையும் ஜேசனாக வந்து கிடக்கும். லாகின் செய்யாத பிரவுசரில் ஏபிஐ முகவரியை நேராகத் தட்டிப் பார்ப்பதை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேஷ் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பொதுப் பக்கங்கள் சிடிஎன்னில் தாராளமாக இருக்கட்டும். பெயர், சந்தா நிலை, கட்டணப் பாடம் மூன்றும் அதில் கலக்கவே கூடாது. ஒருவருடைய விவரம் இன்னொருவர் திரையில் தெரிந்துவிட்டால் உறுப்பினர்கள் நம்மை மறுபடி நம்பமாட்டார்கள். லாகின் டோக்கனை லோக்கல் ஸ்டோரேஜில் வைக்காமல், ஜாவாஸ்கிரிப்ட் தொட முடியாத குக்கியில் வையுங்கள்.

பணம் கட்டியதும் வரும் ‘நன்றி’ பக்கத்தை வைத்து யாரையும் உறுப்பினராக்காதீர்கள். கேட்வே அனுப்பும் வெப்ஹுக்கின் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். ஒரே வெப்ஹுக் இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். அதனால் நிகழ்வு எண்ணையும் நிகழ்வு நேரத்தையும் சேமித்துவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதுப்பித்தல் தவறுவதெல்லாம் விலகல் அல்ல. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் போயாக வேண்டும். வங்கி ஒத்துழைக்காமல் பணம் நின்றுபோவதும் உண்டு. மாவுப்பூச்சிக்கு மருந்து கேட்ட புதியவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த ஓர் அக்கா, கார்டு காலாவதியானதால் பாதியில் வெளியே தள்ளப்பட்டார். அதற்குப் பிறகு ‘நடப்பு’, ‘அவகாசம்’, ‘முடிந்தது’ என்று மூன்று நிலைகளைச் சர்வரில் ஒரே இடத்தில் வைத்தோம். இணையப் பக்கமும் ஆப்பும் அங்கேதான் கேட்கும். அவகாச நாட்களில் எதுவும் பூட்டப்படாது, நினைவூட்டல் மட்டும் போகும்.