கல்யாணம் ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

என் மகள் ராணுவ மருத்துவமனையில் நர்ஸ், லெப்டினன்ட். கல்யாணம் செய்தால் வேலை போய்விடும் என்கிறார்கள் உறவினர்கள். அவளோ வேலையை விடமாட்டேன் என்கிறாள். என்ன செய்ய? — ஒரு தாய், நாகர்கோவில்

உறவினர்கள் சொல்வது பழங்கதை அம்மா! 1988-ல் செலினா ஜான் என்ற நர்ஸ் அதிகாரியைத் திருமணத்தைக் காரணம் காட்டி நீக்கினார்கள். அந்த விதி 1995-லேயே போய்விட்டது. 2024-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

இன்று பலரை விலக வைப்பது டிரான்ஸ்ஃபர்தான். மாப்பிள்ளை கோவையில், பெண் அசாமில், கைக்குழந்தை பாட்டியிடம் (நீங்கள்தான் அந்தப் பாட்டி!) என்றால் எத்தனை நாள் ஓடும்? இருக்க வைப்பது, தோளில் ஏறும் நட்சத்திரமும் ஓய்வூதியமும். ஓய்வூதியத்தில்தான் கவனம் வேண்டும். குறுகிய காலப் பணி என்றால் முதலில் 5 ஆண்டு, நீட்டித்தாலும் மொத்தம் 14. அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்க 20 ஆண்டு ஆக வேண்டும். மகளுடையது நிரந்தரப் பணியா, இல்லையென்றால் அதற்கு மாற வழியுண்டா என்று கேளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் நகைப் பேச்சுக்கு முன்னால் டிரான்ஸ்ஃபர் பேச்சை எடுங்கள். மாப்பிள்ளையும் ராணுவத்தில் இருந்தால், இருவரும் ஒரே ஊர் கேட்டு விண்ணப்பிக்கலாம்.