பிக்கப்பின் முன்பக்கத்தை உயர்த்தலாமா?

வெறுமையாக நிற்கும் பிக்கப் ஒன்றைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் இருக்கும். இதைக் குறையென்று எண்ணி, முன்பக்கத்தை உயர்த்திச் சமப்படுத்தும் 'லெவலிங் கிட்' வாங்கிப் பூட்டுவோர் உளர். மீள்குடியேறிய இடத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து கடனில் எடுத்த வாகனமாயின், அந்தக் காசை எங்கே போடுவது என்பது சிறிய கேள்வியல்ல. ஆகவே இதை ஆறுதலாகப் பார்ப்போம்.

இந்தச் சரிவு தவறுதலாக வந்ததன்று. சுமை ஏறும்போது பின்பக்க வில்லுத் தகடுகள் அமிழ்ந்து வாகனம் மட்டமாக வரட்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். 50 கிலோ நெல் மூடை 20 ஏற்றினால் 1,000 கிலோ. அநேகமான பிக்கப்புகள் தாங்கும் எல்லை ஏறத்தாழ அவ்வளவுதான். மூடைமேல் ஏறியிருப்பவர்களும் அக்கணக்கில் சேர்ந்தவர்களே. (மூடைமேல் ஆள் ஏற்றவே கூடாது என்பது வேறு.) முன்பக்கத்தை முன்கூட்டியே உயர்த்திவிட்டால், சுமை ஏறியதும் வாகனம் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். கிட் பூட்டியதால் ஏற்றக்கூடிய பாரம் ஒரு கிலோவும் அதிகரிக்காது.

பெரிய ஆபத்து முன்விளக்கில் இருக்கிறது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே சுமார் 3 மீற்றர் தூரம். முன்பக்கத்தை 5 சென்ரிமீற்றர் உயர்த்தினால், விளக்கின் ஒளி மீற்றருக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல் நிமிர்கிறது. தாழ்ந்த வெளிச்சம் சாதாரணமாக மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். ஆகவே வீதியில் விழவேண்டிய வெளிச்சம் எதிரே வருபவரின் முகத்தில் விழும். கிரவல் வீதியில் இரவில் சைக்கிளில் வருபவர் கண் கூசினால் எங்கே இறங்குவார்? மதகுக்குள்தான்.

எனவே வாங்குமுன் அளவுங்கள். சமமான சீமெந்துத் தரையில் நிறுத்தி, கதவின் கீழ்ச்சட்டம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று முன் முனையிலும் பின் முனையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கு சில்லிலும், சில்லின் மையத்திலிருந்து மட்காட் விளிம்பு வரையும் அளவுங்கள். பின்னர் வழமையான சுமையை ஏற்றி அதே இடங்களை மறுபடி அளவுங்கள்.

சுமையுடன் மட்டமாக நின்றால் கிட் தேவையில்லை. காசை நல்ல ரயருக்கு வையுங்கள். சுமையுடன் பின்பக்கம் தாழ்ந்துபோனால் நோய் பின்னால் இருக்கிறது. தகடு வளைவிழந்து தட்டையாகியிருக்கும், அல்லது ஒன்று வெடித்திருக்கும். அதை மாற்றவேண்டும், முன்பக்கத்தை உயர்த்துவது நிலையை மோசமாக்கும். மேலதிகத் தகடு போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல பிக்கப்புகளில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு உண்டு. பின்பக்கம் எவ்வளவு அமிழ்ந்தது என்பதை வைத்தே அது பின் பிரேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கிறது. தகடு விறைப்பானதும் அமிழ்வு குறையும். வாகனம் வெறுமை என்று வால்வு 'நினைத்து', சுமையோடு இறங்கும்போதும் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். தகடு போட்டதும் அக்கம்பியைச் சரிசெய்யும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். கேட்காவிட்டால் பலர் தொடமாட்டார்கள்.

முன்பக்கம் உண்மையிலேயே தாழ்ந்திருப்பதும் உண்டு. வில் களைத்திருக்கலாம், அல்லது பாரமான இரும்புக் காப்புச்சட்டம் பூட்டியிருக்கலாம். 2002இல் வந்த முதல் இசுசு டி-மக்ஸ் போன்றவற்றில் முன்னால் முறுக்குத்தண்டு உண்டு. முன்பக்கத்தை ஜக்கால் தூக்கிப் பாரத்தை எடுத்தபின், தண்டின் முனையிலுள்ள சரிசெய்யும் போல்ட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரலாம், கிட் வேண்டியதில்லை. சுருள்வில் உள்ளவற்றில் வில்லின் உச்சியில் இடைவளையம் பூட்டுவார்கள். நெம்புகோல் போன்ற அமைப்பாதலால் வளையத்தின் தடிப்பைவிட உயர்வு அதிகமாகும். ஓரங்குல உயர்வுக்கு மேல் நாம் சிபாரிசு செய்யமாட்டோம். அதிகம் உயர்த்தினால் மேல்மூட்டு தேயும், நாற்சில்லு இயக்கமுள்ள வாகனத்தில் அச்சுமூட்டின் இறப்பர் உறையும் கிழியும்.

வேலை செய்பவர் வாகனத்தை ஜக்கில் மட்டும் நம்பிவிடாமல் உறுதியான தாங்கிகளில் நிறுத்தவேண்டும். சுருள்வில்லின் உச்சியில் சுற்றியுள்ள நட்டுகளைத்தான் கழற்றலாம். நடு நட்டைக் கழற்றினால் அமுங்கிய வில் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். வீட்டு முற்றத்தில் இதைப் பழகவேண்டாம். அனுமதி தேவையா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதிக்காரரிடமும் முன்பே கேளுங்கள்.

பூட்டியதும் சில்லு அலைன்மென்ற் பார்க்கவேண்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கவேண்டும். விளக்குக்கு, வேலை தொடங்குமுன்பே சுவரிலிருந்து 7 அல்லது 8 மீற்றர் தள்ளி நிறுத்தி, ஒளியின் மேல்விளிம்பைச் சோக்கால் குறித்துவையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி, விளக்கின் திருகாணியால் ஒளியை அக்கோட்டுக்கு இறக்குங்கள். மூடை ஏற்றியும் ஒருமுறை பாருங்கள்.