பாம்புக்கடியும் பஞ்சாயத்தின் கடமையும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆனால் நடுக்கம் எவரையும் காப்பாற்றியதில்லை. நஞ்சை முறிக்கும் மருந்து நம்மிடம் உண்டு. கடியுண்டவரை அம்மருந்து உள்ள இடத்திற்கு உரிய காலத்தில் கொண்டு சேர்க்காமையே பல சாவுகளுக்குக் காரணம். இக்குறையைப் போக்குவதில் பஞ்சாயத்துக்குள்ள பங்கு யாதென இங்கு ஆராய்வோம்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக்கடியால் மாண்டனர் என 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் கிராமவாசிகள். மருத்துவமனையை எட்டாமலே உயிர் நீத்தோர் பலர். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக அறிவித்தது.

மருந்து வரும் வழி

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்து பயன்படுகிறது. பாம்பின் நஞ்சைச் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து இம்மருந்தைச் செய்கின்றனர். இதற்கு வேண்டிய நஞ்சைத் திரட்டித் தருவதில் தலைசிறந்தவர்கள் இருளர் பெருமக்கள். பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டுப் பிழைப்பு இழந்த அவர்கள், 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் பாம்புகளைச் சில வாரம் வைத்திருந்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. காடறிந்த மக்களின் திறமையால் பிறக்கும் மருந்து, காட்டோரத்து ஏழைக்குக் காலத்தில் கிட்டாமற்போவது எத்துணைக் கொடுமை!

இம்மருந்து இரத்தத்தில் ஓடும் நஞ்சை முறிக்கும். நரம்பிலும் சிறுநீரகத்திலும் நஞ்சு முன்பே விளைவித்த கேட்டை மாற்றாது. ஆதலால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தைப் பெருக்குகிறது.

நேபாளம் காட்டும் பாடம்

நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் டமக் என்னும் ஊர் உள்ளது. அதன் சுற்றுப்புறத்தில் 4 கிராமப் பகுதிகளில் எளிய ஏற்பாடு ஒன்று செய்தனர். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த தொண்டர்கள், கடியுண்டவரை நடுவில் அமர்த்தி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, சிகிச்சை நிலையத்துக்கு விரைந்து கொண்டுசென்றனர். மக்களுக்கு விளக்கக் கூட்டங்களும் நடத்தப்பட்டன. முன்னர் கடியுண்ட 200 பேருக்கு 21 பேர் என்றிருந்த சாவு, 200-க்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்ததாக 2013-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. புதிய மருந்து எதுவும் அங்குக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஊரார் ஒன்றுபட்டதும், வண்டி விரைந்ததுமே வேறுபாடு.

மந்திரம் பலித்தது ஏன்?

"மந்திரித்துப் பிழைத்தார்" என்று சொல்லக் கேட்கிறோம். பெரும்பாலான பாம்புகளுக்கு நஞ்சில்லை. நச்சுப் பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடிக்கும். அத்தகையோர் எவ்வித சிகிச்சையுமின்றிப் பிழைத்திருப்பர். நஞ்சேறியவரோ மந்திரிப்பவர் வீட்டு வாயிலில் விலைமதிப்பற்ற நேரத்தை இழக்கிறார். கடித்தது எவ்வகையென்று நம்மால் உறுதியாகக் கூற முடியாதாதலின், எக்கடியாயினும் மருத்துவமனைக்குச் செல்வதே அறிவுடைமை.

செய்ய வேண்டியவையும் கூடாதவையும்

கடியுண்டவருக்குத் தைரியம் கூறி, அசையாமல் இருக்கச் செய்ய வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். எலும்பு முறிந்த கையையோ காலையோ கட்டுவதுபோல், மரப்பட்டையை வைத்து இறுக்கமின்றிக் கட்ட வேண்டும். 108-க்குத் தெரிவித்து, உடனே புறப்பட வேண்டும். அவரை நடக்கவிடலாகாது.

கயிற்றால் இறுகக் கட்டுவதும், கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், பச்சிலை அரைத்து வைப்பதும் தீங்கே விளைக்கும். பாம்பைத் தேடி அடிக்க முயல்வது இன்னொருவர் கடிபடவே வழிசெய்யும்.

கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியற்காலையில் காரணமின்றி வயிற்றுவலி தோன்றி, கண்ணிமை சரிந்தால் அக்கடியென ஐயுற வேண்டும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிக்கொள்வதும் பெரும் பாதுகாப்பு. இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்வோர்க்கு டார்ச் விளக்கும் காலணியும் இன்றியமையாதவை.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உள்ள குழிவிரியன் வகைகளுக்கு மேற்கூறிய மருந்து ஏற்றதன்று. ஆயினும் அங்கும் மருத்துவரின் கண்காணிப்பே உயிர் காக்கும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

அடுத்த கூட்டத்திலேயே மூன்று காரியங்களை முடிவு செய்யலாம். முதலாவது, அருகிலுள்ள எந்த மருத்துவமனையில் இரவிலும் மருந்தும் மருத்துவரும் இருப்பர் என்பதைக் கேட்டறிந்து, அதன் தொலைபேசி எண்ணைப் பொது இடங்களில் எழுதி வைத்தல். இரண்டாவது, வார்டுதோறும் வண்டியுடைய இளைஞர் சிலரை முறைவைத்து ஏற்பாடு செய்தல். ஆம்புலன்ஸ் வந்துசேரத் தாமதமாகும் மலைக் கிராமங்களுக்கு இது மிகவும் தேவை. மூன்றாவது, தெருவிளக்குகளைப் பழுது பார்த்து, எலிக்கு இடமளிக்கும் குப்பைமேடுகளையும் விறகுக் குவியல்களையும் வீட்டோரத்திலிருந்து அகற்றச் செய்தல்.

இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. கடிபடும் இரவில் வண்டியைத் தேடுவதற்கு முன், அமைதியான ஒரு பகலில் அதனை ஏற்பாடு செய்து வைப்போமாக.