விண்ணப்பத்தை யார் நிரப்புவது?



நீங்கள் இன்று அமர்ந்திருக்கும் அதே பெஞ்சுகளில் அமர்ந்து, சென்ற ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வை எழுதியவர்கள் நாங்கள் நால்வர். இப்போது எங்களில் இருவர் அரசு கலைக் கல்லூரிகளிலும், ஒருத்தி திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியிலும், ஒருத்தி பொறியியல் கல்லூரி ஒன்றிலும் பயில்கிறோம். தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல நம் ஆசிரியைகள் இருக்கிறார்கள். தேர்வு முடிந்த நாளுக்கும் கல்லூரி வாசலில் கால் வைத்த நாளுக்கும் நடுவே நாங்கள் பட்ட பாட்டை எழுதித் தருமாறு தலைமையாசிரியைச் சகோதரி கேட்டார்கள்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துலட்சுமி என்ற பெண் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி அது. எதிர்ப்பு எழுந்தது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்த பிறகே சேர முடிந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டராகி வெளிவந்தார். நமக்கு எந்த மன்னரின் அனுமதியும் வேண்டாம். ஒரு கைப்பேசி எண்ணும் சில சான்றிதழ்களும் போதும். ஆனால் அந்த எண் யாருடையது? எங்கள் கதையே அதில்தான் தொடங்குகிறது.

எங்களில் ஒருத்தி, தேர்வு முடிவு வந்த மூன்றாம் நாள் கடைத்தெருவில் ஒரு கணினி மையத்துக்குச் சென்றாள். கூட்டமோ கூட்டம். அங்கிருந்தவர், "நம்பர் சொல்லும்மா" என்றார். அப்பாவின் எண் அவளுக்கு மனப்பாடமில்லை. "சரி, என் நம்பரையே போடுகிறேன்" என்று அவரே நிரப்பிவிட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை; அன்று ஐம்பது பேருக்கு அப்படித்தான் செய்திருப்பார். கலந்தாய்வுக்கான குறுஞ்செய்தி அவருடைய கைப்பேசிக்கு வந்தது. இவளுக்கு வரவில்லை. கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமென்றாலும் ஓ.டி.பி. அங்கேதான் போகும்! வேதியியல் படிக்க ஆசைப்பட்டவள் முதற்கட்டக் கலந்தாய்வைத் தவறவிட்டு, இரண்டாம் கட்டத்தில் மீதமிருந்த தாவரவியலில் சேர்ந்தாள். இப்போது அதை விரும்பித்தான் படிக்கிறாள். ஆயினும் அது அவள் எடுத்த முடிவன்று.

இனி, வாசல்கள் எத்தனை என்பதைப் பார்ப்போம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம். நம் திட்டக்குடியிலுள்ள கல்லூரியையும் விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரியையும் கடலூர் பெரியார் கல்லூரியையும் அதிலேயே குறிக்கலாம். மொழிப்பாடம் தவிர்த்த நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணே பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்குக் கணக்கு, பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் பார்ப்பார்கள். ஹோலி கிராஸ் போன்ற கல்லூரிகளுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். அவற்றின் கடைசி நாளும் வேறு வேறு. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் தேர்வு வழியே சேர்க்கை. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007-இலேயே நீங்கிவிட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். இருவர் சமமாக வந்தால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று வரிசையாகப் பார்த்து, பிறந்த தேதி வரை போய், அதுவும் ஒன்றானால் சமவாய்ப்பு எண்ணில் முடியும்.

பொறியியல் கலந்தாய்வில் எல்லாவற்றிலும் பெரிது விருப்பப் பட்டியல். இதில் எங்கள் தோழி இழந்ததை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வருத்தம். "கிடைக்காததை முதலில் போட்டால் கிடைப்பதும் போய்விடும்" என்று உறவினர் ஒருவர் சொன்னார். அதை நம்பி, அவள் மனத்திலிருந்த கல்லூரியை ஏழாவதாக எழுதினாள். பக்கத்து ஊர்க் கல்லூரி முதலிடம் பெற்றது. ஒதுக்கீடு எப்படி நடக்கிறது தெரியுமா? தரவரிசையில் உங்கள் முறை வரும்போது, கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. முதலாவதில் இடமில்லையென்றால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. எங்கே இடமிருக்கிறதோ அங்கே நின்றுவிடும். முதலில் எழுதியது கிடைக்கவில்லை என்பதற்காக அடுத்ததில் உங்கள் உரிமை ஓர் அணுவும் குறையாது. அவள் தரத்துக்கு அந்த ஏழாவது கல்லூரியே கிடைத்திருக்கும் என்பது பின்னர் இணையத்தில் பார்த்தபோது தெரிந்தது. கணினி அதுவரை போகவே இல்லை; முதல் வரியிலேயே இடமிருந்ததே! ஆகவே ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள். கடைசியில் சில பாதுகாப்பான இடங்களையும் சேர்த்து, பட்டியலை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய மூன்றும் இ-சேவை மையம் வழியாகக் கேட்க வேண்டியவை. கிராம நிர்வாக அலுவலர் முதல் வட்டாட்சியர் அலுவலகம் வரை படியேறி வர நாளாகும். மே மாதம் எல்லோரும் மொய்ப்பார்கள், ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள். நம் பள்ளியில் பலருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவர்களான ஆதிதிராவிடர் பட்டியல் சாதியினராகக் கொள்ளப்படுவதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். பள்ளிப் பதிவேட்டில் ஒன்றும் சான்றிதழில் வேறொன்றும் இருந்தால் சரிபார்ப்பு மேசையில் நிறுத்திவிடுவார்கள். இது நியாயமா என்று எங்களுக்குள் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் விண்ணப்பத்தில் சான்றிதழ்படியே எழுத வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையில் கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் இடமுண்டு என்பதைப் பல வீடுகளில் அறியவில்லை.

மருத்துவத்துக்கு 2020-இலும் பொறியியலுக்கு 2021-இலும் வந்த 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவருக்கு உரியது. உதவி பெறும் பள்ளியில் படித்த நமக்கு அது இல்லை. அதை எண்ணிக் கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள். ஆனால் மாதம் ரூ.1000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம், 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்கெனத் தொடங்கி, 2024 டிசம்பரில் ஆறு முதல் பன்னிரண்டு வரை உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கே பணம் வரும்.

திருச்சிக்குப் போனவளின் கதையையும் சொல்ல வேண்டும். "விடுதியா? வேண்டவே வேண்டாம்" என்றார் அவள் அப்பா. அவள் அழவில்லை. ஒரு சனிக்கிழமை அப்பாவைப் பெண்ணாடத்துக்கு அழைத்துப் போய் ரயில் ஏற்றினாள். விடுதிச் சகோதரியிடம் அவரே பேசட்டும் என்று வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அவர் கேட்ட முதல் கேள்வி, சாப்பாட்டில் கீரை உண்டா என்பது! திரும்பும்போது ரயிலில், "எத்தனை மணிக்குக் கடைசி வண்டி?" என்று இரண்டு முறை கேட்டார். மறுவாரம் கட்டணம் கட்டினார். தொலைவைப் பற்றிய அச்சத்தைவிட அறியாத இடத்தைப் பற்றிய அச்சமே பெரிது போலும்.

தேர்வு முடிவு வரும் வாரம் நாங்கள் நால்வரும் நம் பள்ளிக் கணினி அறையில் இருப்போம். சகோதரியிடம் அனுமதி பெற்றுவிட்டோம். மதிப்பெண் பட்டியல் நகல், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, உங்கள் பெயரில் வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு, வீட்டில் எப்போதும் சார்ஜில் இருக்கும் கைப்பேசி ஒன்றையும் கொண்டு வாருங்கள். அதன் எண்ணை அதற்குள் மனப்பாடம் செய்துவிடுங்கள். நாங்கள் பக்கத்தில் உட்காருவோம். விசைப்பலகை உங்கள் கையில்.