பழுது பார்த்த பின்னும் உறைந்து நிற்கும் மடிக்கணினி

பழுது பார்த்து வந்த மடிக்கணினி அடிக்கடி உறைந்து நின்றால் நாம் செய்ய வேண்டுவது யாது?

முதலில், அது இயங்கும் வேளையிலேயே நம் பாடக் குறிப்புகளைப் பென் டிரைவில் நகல் எடுத்துவிடுவோம். கணினியை மீண்டும் வாங்கலாம்; ஓராண்டு உழைப்பை வாங்க இயலாது.

அடுத்து, பழுது பார்த்தவர் தொட்ட பாகங்களையே முதலில் ஐயுறுவோம். சூடேறிய பின் உறைந்தால், விசிறியின் இணைப்பு கழன்றிருக்கலாம். எந்நேரமும் உறைந்தால், ரேம் சரியாகப் பொருந்தாதிருக்கலாம். விண்டோஸிலுள்ள நினைவகச் சோதனையை இயக்கிப் பார்ப்போம். இன்றியமையாத டிரைவர்கள் மட்டும் இயங்கும் ‘சேஃப் மோடில்’ உறையாவிடில், பழுது மென்பொருளில் இருக்கக்கூடும்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவோம். இரண்டை மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது விளங்காது. கண்டவற்றைத் தாளில் குறித்துப் பழுது பார்ப்பவரிடம் கொடுப்போம். நோயைச் சரியாகச் சொன்னால் பாதி மருத்துவம் முடிந்ததன்றோ!