தாய்ப்பலகையும் லினக்ஸும்



கணினி என்றதும் நம் கண்முன் நிற்பவை திரையும் விசைப்பலகையுமே. ஆனால் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஓர் அகன்ற பலகை இருக்கும். செயலி, நினைவகம், ஒலி, வலைத்தொடர்பு ஆகிய எல்லாம் அதனோடு இணைந்தே இயங்குகின்றன. பிள்ளைகளை அணைத்து நிற்கும் தாயைப் போன்றது என்பதால் அதனைத் தாய்ப்பலகை (மதர்போர்டு) என்கிறோம்.

இதைப் பற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு. வின்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. வின்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி பழைய கணினிகள் பலவற்றிற்கு இல்லை. புதிது வாங்க எல்லா வீட்டிலும் பணம் இருக்கிறதா? விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் அங்கே கை கொடுக்கும். ஆயினும் முதலில் பொருத்தம் பார்க்க வேண்டும்.

இதனை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். நம் கணினி அறையிலிருந்த பழைய கணினி ஒன்றில், ஆர்வ மிகுதியால், வன்தட்டை முழுவதும் அழித்துவிட்டு லினக்ஸை நிறுவினோம். திரை அழகாக வந்தது. ஒலி வரவில்லை, வைஃபையும் இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு, பத்தாம் வகுப்புத் தங்கைகள் அதில் தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரைகள் எல்லாம் போயின. சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "அடுத்த முறை என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். அதற்கு விடையே இக்கட்டுரை.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் காலைதோறும் ஒரகடம் நோக்கிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளைப் பார்க்கிறோம். வண்டி புதிதாக இருந்தால் மட்டும் போதுமா? ஓட்டத் தெரிந்த டிரைவர் வேண்டும் அல்லவா? கணினியிலும் அப்படியே. ஒவ்வொரு சில்லையும் இயக்கத் தெரிந்த நிரலுக்கு டிரைவர் என்றே பெயர். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கருவில் (கெர்னல்) இன்று மிகப் பெரும்பாலான டிரைவர்கள் சேர்ந்தே வருகின்றன. சில சில்லுகளுக்கு மட்டும் அவற்றைச் செய்த நிறுவனம் தரும் ஃபர்ம்வேர் என்னும் கோப்பும் தேவை.

இனி, சோதிக்கும் முறையைக் காண்போம்.

முதலாவது, தேவையான கோப்புகளை எல்லாம் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது, லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். உபுண்டு போன்றவற்றில் நிறுவாமலே முயன்று பார்க்கும் வசதி உண்டு. 'நிறுவு' என்பதை அழுத்தாத வரையில் அது நினைவகத்திலேயே ஓடும்.

மூன்றாவது, டெர்மினலைத் திறந்து, 'சூடோ' என்று அடித்து, இடைவெளி விட்டு, 'டி.எம்.ஐ.டிகோட்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். 'பேஸ் போர்டு' என்ற தலைப்பின்கீழ் தாய்ப்பலகையைச் செய்தவர் பெயரும் மாதிரியும் வரும்.

நான்காவது, 'எல்.எஸ்.பி.சி.ஐ.' என்று சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் 'என் என் கே' என்ற மூன்று எழுத்துகளும் சேருங்கள். பலகையிலுள்ள சில்லுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிற்கும் எண் உண்டு. 8086 எனத் தொடங்கினால் இன்டெல். 1022 என்றால் ஏ.எம்.டி. அதன்கீழ் 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் டிரைவர் வந்துவிட்டார் என்று பொருள். வைஃபை, ஒலி போன்றவற்றிற்கு அவ்வரி இல்லையேல், அங்கேதான் குறை. பெட்டியின்மேல் உள்ள பெயரைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயருள்ள இரு கணினிகளில் வேறு வேறு வைஃபை சில்லுகள் இருக்கலாம்.

ஐந்தாவது, கண்ணாலும் காதாலும் சோதியுங்கள். பாட்டு ஒலிக்கிறதா? கேமரா தெரிகிறதா? மூடித் திறந்தால் மடிக்கணினி விழிக்கிறதா? அச்சுப்பொறி பேசுகிறதா?

வைஃபை மட்டும் வரவில்லையானால் மனம் தளர வேண்டாம். கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்து, வேண்டிய ஃபர்ம்வேரை இறக்கலாம். 2023-இல் வந்த டெபியன் 12 முதல், இத்தகைய கோப்புகள் நிறுவும் வட்டிலேயே தரப்படுகின்றன.

லினக்ஸ் நமக்குப் புதியதன்று. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், வின்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே அளிக்கப்பட்டது. அதனை உருவாக்கியது சென்னையிலுள்ள சி-டாக் மையம்.

எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில், அக்கா பள்ளியில் பெற்ற அத்தகைய மடிக்கணினி பரண்மேல் கிடந்தது. கடன் வாங்கியாவது புதிது வாங்க அவள் அப்பா எண்ணியிருந்தார். மேற்கண்ட ஐந்து படிகளையும் செய்து பார்த்தோம். வைஃபை தவிர மற்றவை யாவும் நன்றாயிருந்தன. கைப்பேசி வழியே அதையும் சரி செய்தோம். இப்போது அவள் தன் பாடங்களை அதில்தான் எழுதுகிறாள். கடனும் தேவைப்படவில்லை.

பெற்றோர்களே, வீட்டிலுள்ள பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடுமுன் ஒருமுறை உங்கள் மகளிடம் கொடுத்துப் பாருங்கள். தோழியரே, ஆழம் அறியாமல் காலை விடாதீர்கள். முதலில் நகல், பிறகு சோதனை, கடைசியில் நிறுவுதல். இந்த வரிசை மாறாதிருந்தால், எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.